வத்தக்குழம்புக்கு ஒயின் கண்டுபிடித்தவர்

இந்தச் சென்னை மாநகரத்தில் வத்தக்குழம்புக்குப் பொருத்தமான ஒயின் எது என்று கண்டுபிடித்த ஒரே மனிதரை எனக்குத் தெரியும். அதையும் மாதச் சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலையில் கண்டுபிடித்தார். அப்படிப்பட்டவரை ‘எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை’ என்று ஆறு பேர் முன்னால் சொன்னவனும் நான்தான். முதல் விஷயத்தை மட்டும் எழுதினால் நீங்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். இரண்டாவதையும் எழுதச் சொல்லி வீட்டில் உத்தரவு.

மயிலாப்பூரில், மந்தைவெளிக்குத் திரும்பும் சந்து ஒன்றில் எங்கள் குடியிருப்பு. பன்னிரண்டு வீடு, ஒரு லிஃப்ட், மாதம் இரண்டு சுற்றறிக்கை. தரைத்தளத்தில் கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய சின்ன வீட்டுக்கு நான்கு வருடம் முன்பு வாடகைக்கு வந்தார் அவர். முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்துவிட்டு, முதுகு ஒத்துழைக்காமல் கரையேறியவர். பிறந்தது பெசன்ட் நகர் கடற்கரையோரக் குப்பத்தில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாடகை ஒப்பந்தத்தில் நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் வந்த இரண்டாவது வாரமே எங்கள் குடியிருப்பு அவருக்குத் ‘திருகுமூடி’ என்று பெயர் வைத்துவிட்டது.

காரணம் அவருடைய கொள்கை. கார்க் அடைத்த ஒயின் பாட்டிலை அவர் தொடமாட்டார். திருகித் திறக்கும் மூடி போட்டதைத்தான் வாங்குவார். அதை ரகசியமாக வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. வாட்ச்மேனிடம், பால் போடுகிறவரிடம், லிஃப்ட் ரிப்பேர் செய்ய வந்தவரிடமெல்லாம் விளக்கினார்.

“கார்க்கு போட்டா பாதி துட்டு கார்க்குக்குத்தான் போவுது. அத்தோட, ஒருவாட்டி புடுங்கிட்டா மறுபடி உள்ள போவாது. அப்ப இன்னா பண்ணுவ? பாட்டில காலி பண்ணிட்டுதான் எய்ந்திருப்ப. மூடின்றது தொறக்கறதுக்கு இல்ல நைனா, மூடறதுக்கு.”

அவர் சொன்னபடியே நடந்தவர். மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர். பிறகு மூடியைத் திருகிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுவார். அவர் தள்ளாடி யாரும் பார்த்ததில்லை. அடுப்பு முன்னால் மட்டும் கொஞ்சம் விநோதமாக நிற்பார். காலை அகட்டி வைத்து, ஒரு கையால் சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் கிளறுவார். எப்போது அலை வந்து கப்பல் சாயும் என்று சொல்ல முடியாதாம். மயிலாப்பூரில்.

எங்கள் சங்கத்தின் செகரட்டரி ராமதுரைக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்ற அதிகாரி. ரப்பர் ஸ்டாம்ப் இல்லாமல் ஒரு காகிதத்தையும் நோட்டீஸ் போர்டில் ஒட்ட விடமாட்டார். பொதுக் குப்பைத்தொட்டியில் பாட்டில் உருளும் சத்தம் கேட்கிறது, மீன் வாசனை இரண்டாவது மாடிவரை வருகிறது என்று கூட்டம் போட்டார். யாராவது போய்ச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. நான் பத்திரிகையில் எழுதுகிறவன், நாசூக்காகச் சொல்வேன் என்று என்னை அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. கதவு திறந்தே இருந்தது.

“இன்னா சார், கம்ப்ளெய்ண்டா?”

“இல்லை இல்லை. சும்மாதான்.”

“சும்மா எவனும் என் வூட்டுக்கு வர மாட்டான். உள்ள வா. அடுப்புல சட்டி கீது.”

அப்போது என் மனைவி வசந்தா மகளின் பிரசவத்துக்காகப் புனே போயிருந்தாள். மூன்று மாதம் தனியாக இருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“காலைல இன்னா துன்ன?”

“தயிர்சாதம்.”

“நேத்து?”

“தயிர்சாதம்.”

“வியாதிக்காரன் மாறி கீற சார். குந்து.”

அவர் சாப்பாடு மீன் குழம்பு. எனக்கு ஆகாது என்று தெரிந்து, பத்து நிமிடத்தில் உருளைக்கிழங்கை மிளகு தட்டிப் போட்டு வறுத்துச் சாதத்தோடு வைத்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஏதோ இருந்தது. ஐம்பத்திரண்டு வயதுவரை அலுவலகச் சுற்றுலாவில் இரண்டு தடவை பீர் குடித்துவிட்டு மூன்று மாதம் மனசாட்சியோடு சண்டை போட்டவன் நான். இருந்தாலும், ஏன் என்று தெரியவில்லை, அந்த டம்ளரை எடுத்தேன். மிளகு எரிந்துகொண்டிருந்த நாக்கில் அது எலுமிச்சை பிழிந்த மாதிரி குளிர்ச்சியாக இறங்கியது. மிளகு மிளகாகவே இருந்தது, எரிச்சல் மட்டும் போய்விட்டது.

“எப்டி கீது?”

“இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு இருக்கா?” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒயின் நல்ல ஒயினா என்பதற்கு அதுதான் பரீட்சையாம். இன்னொரு டம்ளர் கேட்டால் ஒயின் தோற்றுப்போய்விட்டது, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டால் ஜெயித்துவிட்டது.

மூன்றரை மணிக்கு மேலே போனேன். செகரட்டரி படிக்கட்டில் காத்திருந்தார். “சொல்லிட்டேளா?” என்றார். “நாசூக்கா சொல்லியிருக்கேன்” என்றேன். பொய் சொல்வது எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அன்றே கவனித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு போனபோது அடுப்பில் புது மண்சட்டி ஒன்று இருந்தது. கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

“இது உன் சட்டி. மீன் பட்டது இல்ல. கரண்டியும் தனி. நூலு கட்டி வச்சிக்கினேன், மாறிப்போவாது.”

நான் கேட்கவே இல்லை. ஆனால் அதை எப்படிக் கேட்பது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அப்படித்தான் எங்கள் ஆராய்ச்சி தொடங்கியது. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒயின், அதிக விலை கூடாது. பணக்காரர்கள் பாட்டிலை வாங்கிவிட்டு அதற்கேற்ற சமையல் செய்கிறார்கள், அது சோம்பேறித்தனம் என்பது அவர் கருத்து. சமையல் நம்முடையது, அது மாறாது, ஒயின்தான் வந்து பணிய வேண்டும்.

ஞாயிறு காலை சாந்தோம் தேவாலயத்துக்கு நடந்து போய்ப் பூசை பார்ப்பார். பன்னிரண்டு மணிக்கு ராயப்பேட்டை மாலுக்குள் இருக்கும் அரசாங்கக் கடை திறக்கும்போது முதல் ஆளாக நிற்பார். தேங்காய் வாங்குகிற மாதிரி ஒவ்வொரு பாட்டிலையும் தூக்கி எடை பார்ப்பார். கனமாக இருந்தால் கீழே வைத்துவிடுவார். கண்ணாடிக்கு எதற்குக் காசு கொடுப்பது? பின்பக்கச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும் வருடத்தைப் படிப்பார். வெள்ளை ஒயின் என்றால் போன வருடத்தது, மிஞ்சினால் அதற்கு முந்தினது. அடுத்து, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார். ஏற ஏற வாயில் மிளகாய்க் காரமும் ஏறுமாம். கடைக்காரர் கெஞ்சுவார், “நைனா, பின்னாடி இருவது பேர் நிக்கிறாங்க. இது ஒயினு, பொண்ணு பாக்கற மேட்டர் இல்ல.”

ஒரு தடவை நானும் கூடப் போனேன். யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஸ்கூட்டரை விட்டு இறங்கி, எஸ்கலேட்டரில் ஏறி, கடைக்குள் நுழைந்து, ஹெல்மெட்டோடு அலமாரி முன்னால் நின்றேன். பக்கத்தில் இன்னொரு ஹெல்மெட் நின்றது. அந்தத் தொப்பையும் சட்டைப்பையில் இருந்த மூன்று பேனாக்களும் எனக்குப் பழக்கமானவை. நான் வேலை பார்க்கும் இன்ஷூரன்ஸ் கிளையின் மேலாளர். அவரும் என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

“ஃபோன் சார்ஜர் வாங்க வந்தேன்” என்றது அந்த ஹெல்மெட்.

“நானும் சார்” என்றது இந்த ஹெல்மெட்.

இரண்டு பேர் கையிலும் பாட்டில் இருந்தது. திருகுமூடி எட்டி அவர் பாட்டிலைப் பார்த்தார். “உன் சிநேகிதரு நல்லதாத்தான் எடுத்துக்கீறாரு சார். கனம் கொஞ்சம் ஜாஸ்தி” என்றார், கடை முழுக்கக் கேட்கும்படி. திரும்பி வரும்போது கேட்டார், “ஏன் சார், துன்றதுக்கு வாங்கற பொருளுக்கு மூஞ்சிய இன்னாத்துக்கு மூடற?” வெயில் என்றேன். மாலுக்குள் குளிர்சாதனம்.

ஆராய்ச்சி முடிவுகளைச் சமையலறைச் சுவர் ஓட்டில் கரிக்கட்டியால் எழுதி வைத்தார். மீன் குழம்புக்குச் சிவப்பு ஆகாது, புளியும் அதுவும் சேர்ந்தால் வாயில் துருப்பிடித்த ஆணி. சிவப்பு என்றால் கத்திரிக்காய் பொடி அடைத்த கறிக்கு, அதையும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு. “அறை வெப்பம்னு சீட்ல எய்தறானே, அவன் ரூமு வேற, நம்ம ரூமு வேற. இங்க அறை வெப்பம்னா அது கஷாயம்.” மோர்க்குழம்புக்குப் புளிப்பான வெள்ளை. மிளகு ரசத்துக்கு எதுவும் வேண்டாம், ரசமே ஒரு ஒயின்தான். சாம்பாரிடம் நாங்கள் ஒன்பது பாட்டில் தோற்றோம். “சாம்பாரு யாரோடயும் ஒத்துப்போவாது சார். அது தனியா வாழப் பொறந்தது” என்று ஓட்டில் கோடு போட்டு அடித்துவிட்டார்.

வத்தக்குழம்பு பதினோராவது ஞாயிறு சிக்கியது. ரோஜாப்பூ நிறத்தில், துளி இனிப்போடு, நாசிக் பக்கத்து ஒயின். கடையில் கீழ் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது, யாரும் சீந்தாத பாட்டில். சுண்டைக்காயைக் கடித்து, சாதத்தை விழுங்கி, ஒரு வாய் குடித்தேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் கலங்கியதற்குக் குழம்பின் காரம்தான் காரணம் என்றார்.

வசந்தா திரும்பி வந்தாள். நான் அவளிடம் சொல்லியிருக்கலாம். முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் என்னை எதற்கும் அடித்ததில்லை. ஆனால் சொல்லத் தைரியம் இல்லை, வத்தக்குழம்பு ஒயினை விடவும் மனமில்லை. சமையலறைக் குப்பையில் கிடந்த காலி நன்னாரி சர்பத் பாட்டிலை எடுத்துக் கழுவி, ஒயினை அதில் ஊற்றி, குளிர்பெட்டிக் கதவின் அடித்தட்டில் வைத்தேன். வயிற்றுச் சூட்டுக்கு நல்லது என்று எனக்கு நானே ஒரு டம்ளர் ஊற்றிக்கொள்வேன்.

அந்த வெயில் காலத்தில், ஒரு ஏகாதசியன்று மாலை நான்கு மணிக்கு, செகரட்டரியும் அவர் மனைவியும் மகன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார்கள். அவர் காலையிலிருந்து பட்டினி. “காப்பி வேண்டாம், ஏதாவது சில்லுனு குடு” என்றார். நான் உள்ளறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். வசந்தா நல்ல மனசுக்காரி. நிறம் போதவில்லை என்று அரை டம்ளர் ‘நன்னாரி’ ஊற்றி, எலுமிச்சம்பழம் பிழிந்து, சர்க்கரையும் ஐஸும் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

நான் வெளியே வந்தபோது செகரட்டரி இரண்டாவது டம்ளரில் இருந்தார். பாட்டில் மேஜைமேல் இருந்தது.

“எந்தக் கடை நன்னாரி இது? ரொம்ப தேவலை” என்றார்.

மூன்றாவது டம்ளரில், நம்முடைய லிஃப்ட் நல்ல லிஃப்ட், பாவம், அதை நாம் புரிந்துகொள்ளவில்லை என்றார். அந்த லிஃப்ட் கம்பெனியோடு அவர் மூன்று வருடமாகக் கடிதச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பிறகு வசந்தாவிடம், “என் ஆத்துக்காரி சிரிச்சா நன்னா இருக்கும். நீங்க பார்த்ததில்லையே? நானும் பார்த்து நாளாச்சு” என்றார். மாமி அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கி முகர்ந்தார்.

“இது நன்னாரி இல்லை.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் வாசனை வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அதிலிருந்து வந்தது இதுதான்:

“கீழ இருக்காரே, அவர் கொடுத்தார். ஊர் நன்னாரின்னு சொல்லி. எனக்கென்ன தெரியும்?”

மறுநாள் காலை பத்து மணிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் கூட்டம். என்னோடு சேர்த்து ஏழு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். திருகுமூடியைக் கூப்பிட்டார்கள். பனியனோடு வந்தவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். செகரட்டரி முழங்கினார். குடும்பஸ்தன் வீட்டுக்குள் சர்பத் என்று பொய் சொல்லிச் சாராயத்தை அனுப்புவதா, அதுவும் ஏகாதசியில், அதுவும் கல்யாண வீட்டுக்காரன் வயிற்றில்.

அவருக்கு முதலில் புரியவில்லை. “சர்பத்தா? நான் எதுக்கு சார் சர்பத்து...” என்று ஆரம்பித்தவர், நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு இவரோட எத்தனை நாள் பழக்கம்?” என்று செகரட்டரி என்னைக் கேட்டார்.

“எனக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. எதிரில் பார்த்தால் சிரிப்பேன்.”

இதைத் தரையைப் பார்த்துச் சொன்னேன். தரையில் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. அதன் வடிவம் இன்றைக்கும் எனக்கு வரையத் தெரியும்.

பிறகு அவர் குரல் கேட்டது. “ஆமா சார். நான்தான் குடுத்தேன். பாட்டிலு மாறிப்போச்சு. மன்னிச்சிக்கோங்க.”

அவ்வளவுதான். வீட்டுச் சொந்தக்காரருக்குக் கடிதம் போயிற்று. மாதக் கடைசியில் காலி செய்யச் சொன்னார்கள். அவர் கிளம்பிய அன்று வாசலில் குட்டி யானை வண்டி நின்றது. ஒரு கட்டில், இரண்டு பெட்டி, சட்டி பானை. நான் மூன்றாவது மாடி பால்கனியில், காயப்போட்ட வேட்டிக்குப் பின்னால் நின்றேன். அவர் மேலே பார்க்கவே இல்லை. பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் நான் ஒளிந்திருந்தேன்.

அதன்பிறகு நான் தூக்கம் வராமல் தவித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் நன்றாகத் தூங்கினேன். சாப்பிடும்போதுதான் கஷ்டம். வீட்டில் வத்தக்குழம்பு வைத்தால் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு மோர்சாதத்தோடு எழுந்துவிடுவேன். ஒருநாள் அப்படி எழுந்தபோது வசந்தா தட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்னா, இதுக்கு மேல என்னால பார்த்துண்டு இருக்க முடியாது. சொல்றேளா, நான் சொல்லட்டுமா?”

எல்லாவற்றையும் சொன்னேன். ஹெல்மெட்வரை சொன்னேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“அந்த நன்னாரி பாட்டில் தீர்ந்துபோய் குப்பையில போட்டவளே நான்தான். அது ஃபிரிட்ஜுக்குள்ள ஏறி வந்து உக்காந்திருக்குன்னா யார் வச்சிருப்பா? அன்னிக்கே கூட்டிக் கழிச்சுப் பார்த்துட்டேன். நீங்களா வாயத் திறப்பேள்னு காத்துண்டிருந்தேன். பதினோரு மாசம் ஆச்சு.”

“நீ குடிச்சதுக்குக் கோபப்படலையா?”

“குடிச்சதுக்குக் கோவிச்சுண்டிருப்பேன். ஒரு வாரம். அந்த மனுஷன் சாமான் ஏத்தறச்சே நீங்க வேட்டிக்குப் பின்னால நின்னேளே, அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலை. போய்ப் பார்த்துட்டு வாங்கோ.”

பெசன்ட் நகர் பஸ் ஏறிப் போனேன். குப்பத்தில் விசாரித்ததும் காட்டினார்கள். அக்கா வீட்டில் இருந்தார். வாசலில் உட்கார்ந்து அக்காவின் வறுவல் கடைக்காக மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு ஒரு ஸ்டூலை நகர்த்தினார். நான் உட்காராமல், பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த மன்னிப்பை ஒப்பித்தேன். கேட்டு முடித்தார்.

“கோவம் இருந்துச்சி சார். நெறைய. வூடு போனது கூட இன்னொரு வூடு பாத்துக்கலாம். நீ என் மூஞ்சியப் பாத்து அத்த சொல்லியிருந்தா கூட சர்தான்னு வுட்டுருப்பேன். தரையப் பாத்து சொன்ன பாரு.”

“ஏன் நீங்க உண்மையைச் சொல்லலை?”

“நீ அந்த வூட்ல இருக்கணும். நான் எங்கியும் இருந்துப்பேன். அதுவும் இல்லாம...” என்று நிறுத்தினார். “சிநேகிதன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

ஏதாவது கேட்க வேண்டுமே என்று, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடெல்லாம் எப்படி என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க வந்ததுலேருந்து தொடல சார். அக்கா வூடு. அது பாட்டிலப் பாத்துச்சின்னா அதாலயே மண்டைய ஒடைக்கும்.” அறுபது வயது மனிதர், உள்ளே பாத்திரம் உருளும் சத்தத்துக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். வேறொரு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன். நான் சொன்ன ஒரு பொய்யில் அவருடைய மதியச் சாப்பாடே பறிபோயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

“வசந்தா உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கா” என்றேன்.

“அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் சார். நீ இவ்ளோ தூரம் வந்து என்கிட்ட சொன்ன. எனக்குத்தான் நடந்தது தெரியுமே. தெரியாதவன் கிட்ட போய் சொல்லு.”

அன்று மாலையே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எழுதினேன். நன்னாரி பாட்டிலில் ஒயின் ஊற்றி வைத்தது நான். அதை வாங்கியதும் குடித்ததும் நான். தரைத்தளத்தில் இருந்தவர் மேல் பழி போட்டது நான். அவர் என் நண்பர். கீழே கையெழுத்து, வீட்டு எண். நான்கு வரி எழுத நாற்பது நிமிடம் ஆயிற்று, பத்தி எழுதுகிறவனுக்கு. ஸ்டாம்ப் போடச் செகரட்டரி வீட்டுக்குப் போனேன்.

அவர் படித்தார். மறுபடி படித்தார். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“டெல்லியில ரெண்டு வருஷம் இருந்தவன் ஓய் நான். ரெண்டாவது டம்ளர்லயே தெரிஞ்சுடுத்து.”

“அப்புறம் ஏன் மூணாவது குடிச்சேள்?”

“நன்னா இருந்தது.”

“கூட்டத்துல அப்படிக் கத்தினேளே.”

“பக்கத்துல அவ உக்காந்திருந்தா” என்றார். பிறகு பேனாவை எடுத்து என் கையெழுத்துக்குக் கீழே, ‘மூன்று டம்ளர் குடித்தவர்’ என்று எழுதித் தன் கையெழுத்தையும் போட்டு, ஸ்டாம்பை அழுத்தமாகக் குத்தினார். அன்று இரவு அவர் வீட்டுச் சமாசாரம் எனக்குத் தெரியாது. மறுநாள் அவர் ஓட்டலில் டிபன் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

நோட்டீஸை போர்டில் ஒட்டி மூன்று வாரம் ஆயிற்று. லிஃப்டில் என்னோடு ஏறியவர்கள் எண் பலகையையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர், எங்கள் வீட்டுக்கு இனி நவராத்திரிச் சுண்டல் வராது என்பதைச் சொல்லாமல் சொன்னார். அதெல்லாம் எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். திருகுமூடி இருந்த வீட்டுக்கு வேறு ஆள் குடி வந்தாயிற்று. ஸ்டாம்ப் குத்தினால் அது திரும்பி வராது.

நான்காவது ஞாயிறு அவர் வந்தார். வாட்ச்மேன் போய் நோட்டீஸ் விஷயத்தைச் சொல்ல, சாப்பிட வருவதாக அவரிடமே சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் பூசை, பன்னிரண்டு மணிக்குக் கடை, அங்கிருந்து நேரே. தேய்த்த வெள்ளைச் சட்டை. போர்டு முன்னால் நின்று, மங்கிப்போயிருந்த தாளை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். “கையெய்த்து நல்லா கீது சார்” என்றார்.

வசந்தா வெண்டைக்காய் மோர்க்குழம்பும் வாழைக்காய்ப் பொடிமாஸும் செய்திருந்தாள். அவர் பாட்டிலை மேஜைமேல் வைத்து, அவளிடம் அனுமதி கேட்கிற மாதிரி பார்த்தார்.

“எனக்கு வேண்டாம். வாசனை மட்டும் பார்க்கறேன்” என்று டம்ளரை வாங்கி முகர்ந்தாள். “கொய்யாப்பழம் மாதிரி இருக்கு.”

“மேடம் மூக்கு நல்ல மூக்கு சார். இத்தினி நாளு உன்ன வச்சிக்கினு நான் கஷ்டப்பட்டுட்டேன்” என்றார் என்னிடம். அவர் சிரித்து நான் பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மூன்று தடவை சாதம் போட்டுக்கொண்டார். ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொண்டார். பேச்சு கப்பலுக்குப் போயிற்று, அக்காவுக்குப் போயிற்று, புனே பேரனுக்குப் போயிற்று. நாங்கள் பழையபடி ஆகிவிட்டோமா என்று கேட்டால், இல்லை. முன்பெல்லாம் என் தட்டிலிருந்து அப்பளத்தை உடைத்து எடுத்துக்கொள்வார். அன்று எடுக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். வசந்தா மின்விசிறியைக் குறைத்து வைத்தாள். யாராவது காலிங் பெல்லை அடித்து அவரை எழுப்பிவிடப் போகிறார்களே என்று, நான் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவர் விழிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.